வரிசையில் இல்லாதவன்

அத்தியாயம் 17

செங்கல்வராயன் கண் விழித்துத்தான் இருந்தார். அதை மகள் கலையரசி பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் போனில் சொன்னாள்:

"நைனா தூங்கறாருடா."

வேலூர் ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்த அன்றே தொடங்கிய பொய் அது. வாலிபம் முழுக்க ஆம்பூரில் தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவர். வயதான பிறகு அதே ஷெட்டின் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தவர். அந்தக் கேட்டிலேயே மூச்சு முட்டிச் சாய்ந்துவிட்டார். "சும்மா செக்கப்புக்கு சேத்திருக்கோம்" என்று டெல்லியில் இருக்கும் தம்பிக்குச் சொன்னவள் கலையரசி. வீட்டில் மற்றவர்களையும் அப்படியே சொல்லவைத்தவளும் அவள்தான்.

தம்பி சதீஷ்குமார் ராணுவத்தில் நாயக். ஐரோப்பிய நாடு ஒன்றின் பாதுகாப்பு அமைச்சர் இன்று டெல்லியில் இருக்கிறார். அவருக்குக் கொடுக்கும் அணிவகுப்பு மரியாதையில், முப்படை வீரர்களின் வரிசையில், சதீஷும் நிற்கப் போகிறான் என்ற சேதி அவர்கள் தெருவில் தெரியாதவர் இல்லை.

அதைப் பரப்பியவர் செங்கல்வராயன். மகனோடு பேசி மாதக்கணக்கில் ஆகியிருந்த மனிதர்.

போன லீவில் வந்தபோது சதீஷ், "இந்த நைட் டூட்டிய உட்டுடு நைனா, உன் நெஞ்சு இழுக்கறது எனக்கு வாசல் வரைக்கும் கேக்குது" என்று சொன்னான். அவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "பத்து நாள் லீவுல வந்து எனக்கு ஆர்டர் போடறியா? நான் இன்னா உன் சிப்பாயா?" என்று கத்தினார். அவன், சோறு போட்ட இலையில் கை வைக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அதற்குப் பிறகு அவன் போன் செய்தால் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஆனால் அணிவகுப்புச் சேதி வந்ததும், தோல் ஏற்றிவந்து நிற்கும் லாரி டிரைவர்களைக்கூட அவர் விடவில்லை. "என் பையன் நிக்கறான் பாரு, வெளிநாட்டு மந்திரிக்கு மரியாதை குடுக்கறதுக்கு" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தார்.

இப்போது அவர் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். போன் ஒலித்ததும் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கையை மெல்லத் தூக்கி நீட்டினார்.

கலையரசி போனை எடுத்துக்கொண்டு வார்டு வாசல் பக்கம் நகர்ந்தாள். அது அவள் போன்கூட இல்லை. சதீஷின் மனைவி எழிலரசியின் போன். அவள் கையிலிருந்து வாங்கியிருந்தாள்.

"நல்லா தூங்கறாரா?" சதீஷின் குரல் இறங்கியிருந்தது.

"நல்லா தூங்கறாரு. சாயந்திரம் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அக்கா... மறைக்காம சொல்லு. நான் கெளம்பி வரணுமா?"

"இன்னாடா பேச்சு இது? இன்னிக்குன்னு பாத்து கெளம்பி வர்றேன்ற? நீ ஒருத்தன் இல்லன்னா வரிசையில ஓட்டை உழாதா? வெளிநாட்டுக்காரன் முன்னாடி இன்னா மரியாதை அது?"

அவன் ஏதோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல் இருந்தது.

"இன்னாடா?"

"ஒன்னும் இல்லக்கா. போன ஒப்படைக்கணும். வெச்சிடறேன்."

கலையரசி திரும்பி வந்தபோது எழிலரசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நேத்தே டாக்டர் சொன்னாரு இல்ல, பாக்கணும்னு நெனைக்கறவங்கள வரச் சொல்லுங்கன்னு. உங்க தம்பிகிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா அவன் எப்படி நிப்பான் எழிலு? கண்ணு இமைக்காம நிக்கணுமாம். இதக் கேட்டுட்டு நிக்க முடியுமா?"

"நிக்க முடியலன்னா வந்துடட்டுமே."

"வந்துட்டா? ஒரு ஆளு இல்லாம அவங்க இன்னா பண்ணுவாங்க?"

கலையரசி ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் லைன் சூப்பர்வைசர். அவள் லைனில் ஒரு டெய்லர் வராவிட்டால் பின்னால் இருக்கும் அத்தனை மெஷினும் நின்றுவிடும். ஒருத்தி வராததற்கு மொத்த லைனும் திட்டு வாங்கும். வரிசை என்றால் அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

செங்கல்வராயன் மாஸ்க்கை ஒரு விரலால் விலக்கினார். "குடுத்திருக்கலாமே."

"பரேடு முடியட்டும் நைனா. நீ மூச்சு வாங்கறத கேட்டா அவன் ஒடஞ்சி பூடுவான். முடிஞ்சதும் நானே போட்டுத் தர்றேன். எவ்ளோ நேரம் வேணும்னாலும் பேசு. இன்னா பேசணும்?"

அவர் யோசித்தார்.

"பெருசா ஒன்னும் இல்ல. சாப்டியான்னு கேக்கணும்."

கலையரசி மாஸ்க்கைச் சரிசெய்து விட்டாள். அவர் மறுத்துப் பேசவில்லை. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதுபோலத் தலையை அசைத்தார்.

*

சதீஷ்குமார் சொல்ல வந்து நிறுத்தியது ஒரே ஒரு வரி. 'நான் வரிசையில இல்லக்கா.'

கடைசி ஒத்திகை அன்று நடந்தது அது. அன்று காலையில்தான் 'செக்கப்' என்ற சேதி வந்திருந்தது. செக்கப்புக்கு ஏன் ஆம்பூரிலிருந்து வேலூருக்குக் கொண்டுபோக வேண்டும், ஏன் எழிலரசி போனை அவசரமாக வைத்தாள் என்று அவன் மனம் சுற்றிக்கொண்டே இருந்தது. துப்பாக்கியை முன்னால் நிறுத்தி வணக்கம் செலுத்தும் கட்டளை வந்தபோது, அத்தனை கைகளும் ஒன்றாக எழுந்தன. அவன் கை மட்டும் ஒரு தட்டு பின்னால் எழுந்தது.

அணிவகுப்புப் பயிற்சி தரும் சுபேதார் சாப் கண்ணுக்கு அது தப்பவில்லை.

ஒவ்வொரு மரியாதை அணிவகுப்பிலும் மாற்று ஆட்கள் உண்டு. அதே உடுப்பு, அதே பூட்ஸ், அதே வெள்ளைக் கையுறை. வரிசையில் யாராவது மயங்கினால், விருந்தாளியின் கண்ணில் படாமல் அவனை எடுத்துவிட்டு மாற்று ஆளை நிறுத்துவார்கள். சதீஷை அந்த மாற்று ஆட்களோடு சேர்த்துவிட்டு, மாற்று ஆளாக இருந்த காசியை அவன் இடத்தில் நிறுத்தினார் சாப்.

காசி குடியாத்தத்துக்காரன். சதீஷோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவன். அவனுக்கே சங்கடமாகிவிட்டது. "டேய், நான் வேணா சாப்கிட்ட பேசட்டா?" என்று கேட்டான்.

"வேணாம் உட்றா. நீ நில்லு."

ஒத்திகை கலைந்த பிறகு சாப் சதீஷைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தான். அவர் இந்தியில் மெதுவாகக் கேட்டார்: "வீட்டில் ஏதாவது பிரச்சினையா? இருந்தால் சொல். இப்போது நீ மாற்று ஆள்தானே. இன்றைக்கே அனுப்பிவைக்கிறேன்."

அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. நைனா நல்லா இருக்காரு.

"ஒன்றும் இல்லை சாப்."

இன்று காலை போன் செய்தது, அதை இன்னொரு முறை கேட்டுக்கொள்ளத்தான். 'வாடா' என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நேராகச் சுபேதாரிடம் போயிருப்பான். 'நீ இல்லன்னா ஓட்டை உழாதா' என்று அவள் கேட்டதும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டான். ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிற அப்பாவிடம், நான் வரிசையில் இல்லை, ஓரத்தில் நிற்கிறேன் என்று எப்படிச் சொல்வது? அவர் ஏற்கெனவே பேசாமல் இருக்கிறார்.

புல்வெளியில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். இரண்டு நாட்டுக் கொடிகளும் கம்பத்தில் தொங்கின. வாத்தியக் குழு ஒருமுறை ஸ்வரம் சரிபார்த்துவிட்டு அமைதியானது. ராணுவம், கடற்படை, விமானப்படை என்று மூன்று உடுப்புகளும் மூன்று நிறக் கோடுகளாக நின்றன. தலைமை தாங்கும் அதிகாரி வாளோடு முன்னால் நின்றார்.

இதையெல்லாம் சதீஷ் பார்க்கவில்லை. மாற்று ஆட்களின் இடம் பக்கவாட்டில், ஒரு துணிப் பந்தலுக்குப் பின்னால். ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர், ஒரு கூடை தண்ணீர் பாட்டில், அப்புறம் இவர்கள். வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நம் அமைச்சர் விருந்தாளியை வரவேற்று மேடைக்கு அழைத்துப் போகிறார் என்பதைக் காலடிச் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டான்.

கட்டளை வந்தது. துப்பாக்கிகள் ஒரே சத்தமாக எழுந்தன. இந்த முறை பின்தங்கிய தட்டு எதுவும் கேட்கவில்லை.

முதலில் விருந்தாளியின் நாட்டுப் பாட்டு. பிறகு நம் தேசிய கீதம்.

யாரும் பார்க்காத இடத்தில், துணிச் சுவரைப் பார்த்தபடி, சதீஷ்குமார் விறைப்பாக நின்றான்.

*

வார்டில் எழிலரசி, அணிவகுப்பின் நேரலை ஓடிய போனை மாமனார் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். கட்டிலின் ஒரு பக்கம் கலையரசி. கால்மாட்டில் செல்லம்மாள், கணவரின் பாதத்தைப் போர்வைக்கு மேலேயே பிடித்தபடி. கலையரசியின் கணவன் பச்சையப்பன் தலைமாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

செங்கல்வராயனின் மூச்சு காலையில் இருந்ததைவிடச் சிறுத்திருந்தது. ஆனால் கண் மட்டும் திரையை விட்டு அகலவில்லை.

"எங்க?" என்றார். மாஸ்க்குக்குள் அது வெறும் ஆவியாகத்தான் வந்தது.

"இருங்க மாமா, காட்டுவாங்க."

வெளிநாட்டு அமைச்சர் கம்பளத்தின் மேல் நடந்து வந்தார். பக்கத்தில் வாள் பிடித்த அதிகாரி. கேமரா அவர்கள் கூடவே நகர்ந்தது. ராணுவ வரிசை வந்தது. எல்லா முகமும் ஒரே முகம்போல இருந்தது. தொப்பி விளிம்பு கண்ணை மறைத்தது. தாடையும் மீசையும் மட்டும்தான் தெரிந்தன.

"அவன்தான்... அதோ!" என்றாள் செல்லம்மாள், அவள் இருந்த இடத்திலிருந்து திரை சரியாகத் தெரியாதபோதும்.

செங்கல்வராயன் ஊசி ஏற்றிய கையைத் தூக்கினார். யாரும் தடுக்கவில்லை. விரலை நீட்டித் திரையில் ஒரு முகத்தின் மேல் வைத்தார். விரல் பட்டதும் படம் அப்படியே நின்றுவிட்டது.

எழிலரசி பதறி மறுபடி ஓடவிடப் போனாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அப்படியே இருக்கட்டும் என்று கையைக் காட்டினார்.

அந்த முகத்தை எழிலரசியும் பார்த்தாள். அந்தத் தாடை அவள் கணவனுடையது இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? தன் கணவர் வரிசையில் வேறு எங்காவது நிற்பார், மாமா ஆள் மாற்றிப் பார்த்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

"நல்லா நிக்கறான்" என்றார் செங்கல்வராயன்.

"அந்தப் படத்த அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பும்மா" என்றான் பச்சையப்பன்.

கலையரசி குனிந்து அப்பாவின் காதருகே சொன்னாள். "இன்னும் கொஞ்ச நேரம்தான் நைனா. அவன் ரூமுக்குப் போனதும் போன் போட்டுத் தர்றேன். பேசலாம்."

அவர் அவளைப் பார்த்தார். சரி என்றாரா, அல்லது ஏன் காலையில் தரவில்லை என்றாரா என்று அந்தப் பார்வையில் தெரியவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் அவருக்கு வாய்க்கவில்லை. நர்ஸ் ஓடி வந்தாள். டாக்டர் வந்தார். கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். செல்லம்மாளின் கையிலிருந்து பாதத்தை விடுவிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

எழிலரசி போனில் கணவனின் எண்ணை அழுத்தினாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே ஒரு பெட்டிக்குள், மற்றவர்களின் போன்களோடு.

*

போன்களைத் திருப்பிக் கொடுத்தபோது சதீஷ் தன் போனில் தவறிய அழைப்புகளைப் பார்த்தான். எழிலரசி, பச்சையப்பன் மாமா, அக்கா, மறுபடி எழிலரசி. கையுறையைக் கழற்றாமலே அழுத்திப் பார்த்தான். விரல் பதியவில்லை. பல்லால் கடித்து இழுத்தான்.

எடுத்தவள் எழிலரசி. அவள் சுற்றி வளைக்கவில்லை.

"மாமா போய்ட்டாருங்க."

பக்கத்தில் நின்ற காசி, சதீஷின் தோளைப் பிடித்துக்கொண்டான். சற்று முன்புதான் அவன் வரிசையிலிருந்து வந்திருந்தான். நெற்றியில் தொப்பியின் தடம் சிவப்பாக இருந்தது.

சுபேதார் சாப் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. விமான நிலையத்துக்கு வண்டி சொன்னார். லீவுக்கு அவரே பேசினார். வண்டியில் ஏறும்போது சதீஷின் முதுகில் கையை வைத்து, "அன்றே கேட்டேனே மகனே" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அதனாலேயே சதீஷுக்குத் தாங்க முடியவில்லை.

விமானம் முழுக்க அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். பக்கத்து இருக்கைக்காரர் போன் திரையில் அந்த அணிவகுப்புச் செய்தி ஓடியது. அவர் ஒரு நொடி பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டார்.

*

ஆம்பூரில் டாக்சி தெருமுனையிலேயே நின்றது. ஷாமியானா போட்டுத் தெருவை அடைத்திருந்தார்கள். ஐப்பசித் தூறல். துணி மேல் தேங்கிய தண்ணீரை யாரோ குச்சியால் தள்ளிவிட்டார்கள். பக்கத்து வீட்டு மஹ்பூபி, வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்துக்கொண்டிருந்தவள், இவனைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "வந்துட்டான் பாருங்க" என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் வழிவிட்டது.

ஐஸ் பெட்டிக்குள் செங்கல்வராயன் சவரம் செய்த முகத்தோடு படுத்திருந்தார். சதீஷ் கண்ணாடியின் மேல் நெற்றியை வைத்தான். அழுகை வரவில்லை. குளிர்தான் நெற்றியில் ஏறியது.

செல்லம்மாள் அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "உன்ன பாத்துட்டுதான்டா போனாரு. உங்க நைனா உன்ன பாத்துட்டுதான்டா போனாரு." அந்த ஒரு வரியையே அவள் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது அவள் குரல் தேய்ந்திருந்ததில் தெரிந்தது.

அம்மாவை விலக்கி உட்காரவைத்துவிட்டு, முகம் கழுவ வீட்டின் பின்பக்கம் போனான். தண்ணீர்த் தொட்டி அருகில் கலையரசி நின்றிருந்தாள். அவனுக்காகத்தான் காத்திருந்தாள்.

"சதீஷு."

அவன் திரும்பினான்.

"காலையில நீ போன் பண்ணப்போ நைனா முழிச்சினுதான் இருந்தாரு. பேசணும்னு கையக்கூட நீட்டுனாரு. நான்தான் குடுக்கல."

அவன் முகம் கழுவ மொண்ட தண்ணீரைத் தொட்டியிலேயே ஊற்றினான்.

"உங்கிட்ட சாப்டியான்னு கேக்கணும்னு சொன்னாருடா. பரேடு முடியட்டும்னு நான் சொல்லிட்டேன். ஒன்னு சொல்லு. இல்ல அடிச்சாவது போடு. எழிலு காலையிலேர்ந்து எங்கூட பேசல. நீயும் பேசாம போய்டாத."

சதீஷ் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"நான் வரிசையில இல்லக்கா."

"இன்னா?"

"ஒத்திகையில கை தப்பிடுச்சி. என்ன எடுத்துட்டு காசிய போட்டுட்டாங்க. நான் பந்தலுக்குப் பின்னாடி சும்மா நின்னுனு இருந்தேன். யாரும் என்ன கூப்டவே இல்ல."

கலையரசிக்கு உடனே பிடிபடவில்லை. "அப்போ... நீ இல்லன்னா?"

"நான் இல்லன்னா ஒன்னும் ஆகியிருக்காது. எப்பவுமே மாத்து ஆளு இருப்பாங்க. நானே மாத்து ஆளுதான். அன்னிக்கே போறியான்னு சாப் கேட்டாரு. நைனா நல்லா இருக்காருன்னு நெனச்சி வேணாம்னுட்டேன்."

கலையரசி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஈரத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"காலையில சொல்லியிருக்கலாமேடா. ஏதோ சொல்ல வந்தியே. நான் இன்னான்னுகூட கேட்டேனே."

"வெக்கமா இருந்திச்சிக்கா."

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவன் அவள் பக்கத்திலேயே குந்தினான். சின்ன வயதில் அம்மா வேலைக்குப் போனபோது அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். அவள் தலையில் கையை வைத்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு வார்த்தையை விழுங்கியிருந்தார்கள். எது வெளியே வந்திருந்தாலும் அவர் போனில் மகனிடம் சாப்டியா என்று கேட்டிருப்பார். நேரிலேயே கேட்டிருக்கவும்கூடும்.

"அம்மாகிட்ட?" என்றாள் கலையரசி.

அவன் பதில் சொல்வதற்குள் வாசலிலிருந்து பச்சையப்பன் கூப்பிட்டான். "சதீஷு, கொஞ்சம் வாயேன்."

இரண்டு பேர் ஃப்ளெக்ஸ் பேனரைக் கம்பத்தில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே செங்கல்வராயன், என்றோ ஒரு கல்யாணத்தில் எடுத்த சிரித்த முகம். கீழே ராணுவ வரிசை. அதில் ஒரு முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். 'மகன் அணிவகுப்பில் நின்றதைக் கண்குளிரக் கண்டு கண்மூடிய எங்கள் குடும்ப விளக்கிற்குக் கண்ணீர் அஞ்சலி.'

பெரிதாக்கி அச்சிட்டதில் அந்த முகம் தெளிவாகவே இருந்தது.

சதீஷ் பார்த்தான். காசி.

"இங்க வாடா, வந்து நில்லு" என்று செல்லம்மாள் கையைப் பிடித்து இழுத்தாள். சுற்றி உறவுக்காரர்கள், ஷெட் ஆட்கள், லாரி டிரைவர்கள் இரண்டு மூன்று பேர். "எல்லாரும் கேக்கறாங்க. நான் கண்ணு சரியா தெரியாதவ. அவரு வெரல வெச்சி காட்டுனாரு. இது நீதானேடா?"

கலையரசி கூட்டத்தின் பின்னால் வந்து நின்றாள். எழிலரசி நிலைப்படியில் நின்றிருந்தாள். அவள் பேனரைப் பார்க்கவில்லை, கணவனின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றான் சதீஷ்.

"நல்லா நிக்கறான்னு சொன்னாருடா. அதான் கடைசி வார்த்தை."

"நல்லாத்தாம்மா நின்னான்."

செல்லம்மாள் கவனிக்கவில்லை. அழுகையோடு அழுகையாக அது கரைந்துவிட்டது. ஆனால் நிலைப்படியில் எழிலரசியின் கை கதவை இறுகப் பிடித்தது. அவள் மெல்ல நிமிர்ந்து பேனரைப் பார்த்தாள். சிவப்பு வட்டத்துக்குள் இருந்த முகத்தை இந்த முறை நிதானமாகப் பார்த்தாள். தன் கல்யாணத்துக்குக் குடியாத்தத்திலிருந்து வந்து, பந்தியில் இலை போட்டு, கடைசி ஆளாகச் சாப்பிட்ட முகம் அது.

அப்போது சதீஷின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தான். கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது.

"யாருடா?" என்றாள் செல்லம்மாள்.

"கூட வேலை செய்றவன்மா. காசின்னு... நம்ம குடியாத்தம்தான். அவனுக்கும் லீவு கெடச்சிடுச்சாம். காலையில எடுக்கறதுக்குள்ள வந்துடறேன்றான்."

செல்லம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐஸ் பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

"வரச் சொல்லுடா. உங்க நைனாவுக்குத் தோள் குடுக்க ஒரு ஆளு கம்மியாத்தான் இருக்குது."